மாசச் சம்பளக்காரன்

கீச்சென்று காதைக் கிழித்துக்கொண்டு அலறியது கோயில் ஒலிபெருக்கி.

ஹேமந்த் கையிலிருந்த போனைத் தவறவிடப் பார்த்தான். போனுக்குள் தெரிந்த இளைஞன் முகத்தைச் சுளித்தான். சென்னையில் ஏதோ ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து இவனை இன்டர்வியூ செய்துகொண்டிருப்பவன்.

"என்ன சார் சத்தம்?"

"பக்கத்துல கோயில் ஃபங்ஷன். சாரி, ஒரு நிமிஷம்."

ஜன்னலைச் சாத்தினான். பிரயோசனமில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் எந்த வீட்டு ஜன்னலைச் சாத்தினாலும் அந்தக் குழாய் ஸ்பீக்கரின் குரல் ஓடு வழியாக இறங்கிவிடும்.

"எல்லாருக்கும் சொல்லிக்கிறது இன்னான்னா, இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாடு கூட்டம். புதுசா கல்யாணம் ஆன பசங்க அஞ்சு பேரு லிஸ்ட்டுல ஏறுறாங்க. எடம் வுட்டுத் தர்ற அஞ்சு பேரும் நேர்ல வந்து கையெழுத்து போடணும். மொதல் பேரு, ஆதிகேசவன்..."

ஆதிகேசவன், ஹேமந்தின் அப்பா.

"சார், இருக்கீங்களா?" என்றான் போன் இளைஞன். "உங்க ஒர்க் எல்லாம் பாத்தேன். சூப்பர். பன்னெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ். நகைக்கடை, புடவைக்கடை, அரிசி மூட்டை, எல்லாமே பண்ணியிருக்கீங்க. ஆனா..."

இந்த 'ஆனா' எந்த இடத்தில் வரும் என்பதை ஹேமந்த் ஆறு மாதத்தில் நன்றாகப் பழகியிருந்தான்.

"படமெல்லாம் இப்ப ஏஐ பண்ணிடுது சார். தமிழ் எழுத்து மட்டும்தான் சொதப்புது. கொம்பை எங்கியோ போடுது, புள்ளியை விட்டுடுது. அதை மட்டும் சரிபண்ணித் தர ஒரு ஆள் வேணும்."

"ஃபுல் டைமா?"

"இல்ல சார். ஒரு படத்துக்கு இவ்வளவுன்னு. ஒரு நாளைக்கு நாலு வரும், ஒரு நாள் வராது."

"விளம்பரத்துல ஃபுல் டைம்னு போட்டிருந்தீங்களே?"

"அது போன மாசம் போட்டது சார்" என்றான் அவன், போன யுகம் என்பதுபோல.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஹேமந்த் போனை வைத்தான். மணி நாலு பத்து.

இந்த வேலை கிடைத்திருந்தால் அஞ்சு மணிக் கூட்டத்தைப் பற்றி அவன் கவலைப்பட்டிருக்க வேண்டாம். அப்பா தாராளமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும் என்று விட்டிருப்பான். ஆறு மாதமாகச் சொல்லி வந்த பொய், இன்று சாயங்காலத்தோடு உண்மையாகியிருக்கும்.

பொங்கல் முடிந்த முதல் வாரத்தில் வேலை போனது. விளம்பரக் கம்பெனியில் எட்டு டிசைனர்கள். ஆறு பேரை ஒரே மத்தியானத்தில், ஒரு கடிதம்கூடக் கொடுக்காமல், வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதி இரண்டு பேரும் இருபத்து மூன்று வயசுக்காரர்கள். ஹேமந்துக்கு முப்பத்து நாலு.

அன்று பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்து, வீடு வருவதற்குள் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது.

"வீட்லேர்ந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்க, மஞ்சு."

மனைவி மஞ்சு சந்தோஷப்பட்டாள். அப்பா ஊர் முழுக்கச் சொன்னார். பத்து நாளில் வேறு வேலை கிடைத்துவிடும், அப்புறம் நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று ஹேமந்த் நினைத்தான். பத்து நாள் ஆறு மாதமானது. எழுபதுக்கு மேல் விண்ணப்பங்கள். இலவசமாகச் செய்து கொடுத்த மாதிரி டிசைன்கள் மட்டும் பத்தொன்பது. அதில் ஒன்று, ஒரு ஊறுகாய் பாட்டில் லேபிள், இப்போது பொன்னேரிக் கடைகளில் விற்கிறது. வேலை கொடுக்காதவர்கள் லேபிளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பி.எஃப். பணத்தைச் சம்பளம் என்று சொல்லி மாதம் பிறந்ததும் மஞ்சுவிடம் கொடுத்து வந்தான். அதுவும் இந்த மாதத்தோடு சரி.

ஆனால் வேஷம் மட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலை பத்து மணிக்கு இஸ்திரி போட்ட சட்டை. கூடத்துப் பாயில் உட்கார்ந்து, குட்டை ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து, தலையில் அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொள்வான். நீளமான ஒயரைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டு ஆரம்பிப்பான்.

"யெஸ் சார். ஷ்யூர் சார். ஈவினிங்குள்ள அனுப்பிடறேன் சார். அந்தச் சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு கிளையன்ட் ஃபீல் பண்றாரா? மாத்திடலாம் சார்."

அந்தப் பக்கம் யாரும் இல்லை. நிஜமாக எப்போதாவது வரும் இன்டர்வியூ அழைப்புகளை உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவான். கூடத்தில் நடப்பது ஊருக்கு.

அப்படி அவன் பேசும்போது மஞ்சு மிக்ஸியைப் போடமாட்டாள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மா வாசலில் நின்று மீன் விலையைச் சத்தமாகச் சொன்னால், ஓடிப்போய் வாயில் விரல் வைப்பாள். "மெதுவா பேசு அத்த. ஆபீஸ் கால்ல கீறாரு."

கோவிந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ பூஜை நடக்கும் வீட்டைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அப்போதெல்லாம் ஹேமந்துக்குக் காது மடல் சுடும். ஆனாலும் "யெஸ் சார்" என்பான்.

இத்தனை நாள் அது அவனோடு போயிற்று. இன்று அப்பாவின் பெயர் போகப் போகிறது.

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவர் வலை கட்ட முடியாது. இறால் நன்றாகப் படும் இடங்களுக்கு முறை உண்டு. பட்டியலில் பெயர் இருப்பவருக்கு அவருக்கென்று நாள் வரும். அன்றைக்கு அந்த இடம் அவருடையது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்கு ஒரு பெயர். மாசச் சம்பளம் வாங்குகிறவனுக்குக் கிடையாது. ஹேமந்த் கல்யாணமான வருஷமே கூட்டத்தில் எழுந்து, "எனக்குப் பாடு வேணாம் மாமா, சம்பளம் வருது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவன். வீட்டுக்கு மிச்சம் இருப்பது அப்பாவின் பெயர் ஒன்றுதான்.

புதுப் பையன்கள் அதிகமாகிவிட்டதால், சம்பளக்காரப் பிள்ளை உள்ள பெரியவர்கள் இடம் விட்டுத் தருவது என்று இந்த முறை ஊர் முடிவு செய்திருந்தது. அப்பாவின் இடம் கோவிந்தம்மாவின் மகன் சுப்பனுக்கு. பட்டியலை மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் திறப்பார்கள். இன்று அடித்த பெயர் அதுவரை ஏறாது.

சம்பளமும் இல்லை, பாடும் இல்லை. ஐம்பது நிமிஷத்தில் வீட்டின் நிலை அதுவாகப் போகிறது. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். ஆதிகேசவன் கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையை அவர் கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும்தான் எடுப்பார்.

"மைக்குல கேட்டியாடா? மொதல் பேரே என் பேரு."

"கேட்டேன் நைனா."

"தருமலிங்கம் வேணும்னே மொத ஆளா வச்சிக்கிறான். பன்னெண்டு வருஷமா சென்னைல நெலச்சி நிக்கிற புள்ள வேற எவனுக்குக் கீது சொல்லு?"

ஹேமந்த் தொண்டையைச் செருமினான். "நைனா, இதுக்கு இன்னா அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் நீயே வச்சுக்கலாமே."

"அட, நான் பகலெல்லாம் வூட்ல குந்திகினு உன் ஆபீஸ் காலுக்கு பேஜார் பண்ணுவேன்னு பயப்படறியா?" அவர் சிரித்தார். "வாயத் தொறக்க மாட்டேன்டா. மஞ்சு வெரல் காட்டினா கப்சிப்."

"அதுக்கில்ல நைனா..."

"நாப்பது வருஷம் இடுப்பளவு தண்ணில நின்னாச்சு. போதும்டா. உன்னால கரையேறினேன்." சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நீயும் வா. நான் கையெழுத்து போடறத போட்டோ புடி."

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அது நாக்கு நுனி வரை வந்தது. அப்பா வாசல் தாண்டி நடந்துவிட்டார். பின்னாலிருந்து பார்க்க, அவர் நடையில் ஒரு சின்ன மிடுக்கு இருந்தது. அதைப் பார்த்தபின் எப்படிக் கூப்பிடுவது?

சமையலறை வாசலில் மஞ்சு நின்றிருந்தாள். கையில் முறம்.

"நீங்க போவலியா?"

"போவணும்."

"ஆபீஸ் கால் ஏதாவது கீதா?"

"இல்ல. முடிஞ்சிடுச்சு."

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தான். "அப்ப போய்ட்டு வாங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகை. அறுபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை. பின்னால், வலை காயப்போடும் மூங்கில்களை ஒட்டி நின்று கேட்பார்கள். நடுவில் மேஜை. மேஜையில் நீல அட்டை போட்ட பாடு நோட்டு. அதற்குப் பின்னால் ஊர்த் தலைவர் தருமலிங்கம்.

அவருடைய தலைக்கு மேலே, சித்திரைத் திருவிழாவுக்குக் கட்டிய ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மன் படம். கீழே ஒரு வட்டத்துக்குள் ஹேமந்தின் முகம். 'எங்கள் குப்பத்தின் பெருமை. சீனியர் கிராஃபிக் டிசைனர், சென்னை.'

அதை டிசைன் செய்தவனும் அவன்தான். வேலை போய் மூன்று மாதம் கழித்து. தருமலிங்கம் கட்டாயம் போட வேண்டும் என்றார். மறுக்கக் காரணம் சொல்ல முடியவில்லை. தன் முகத்தைச் சுற்றித் தானே தங்கநிற வளையம் போட்டு, அந்த 'சீனியர்' என்ற எழுத்துக்கு நிழலும் கொடுத்தான். இந்த வருஷத்தில் அவன் செய்த ஒரே முழு வேலை அது.

"ஆதிகேசவா, வா. வந்து சுபமா ஆரம்பிச்சு வை" என்றார் தருமலிங்கம்.

அப்பா எழுந்தார். சுப்பன் ஓடிவந்து அவர் காலைத் தொட்டான். யாரோ விசில் அடித்தார்கள். அப்பா பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, நோட்டின் மேல் குனிந்தார்.

"நைனா, போடாத!"

தன் குரல்தானா என்று ஹேமந்துக்கே சந்தேகமாக இருந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"இன்னாடா?" என்றார் அப்பா.

"எனக்கு... எனக்கு வேலை இல்ல நைனா. போயிடுச்சு. தை மாசமே போயிடுச்சு."

 மூலையில் ஒருவர் 'க்ளுக்' என்று சிரித்தார். அது பரவியது.

"அட்றா சக்க. பேனா தொறந்த ஒடனே வேல போயிடிச்சா?"

"சோக்கா கீதே கத!"

தருமலிங்கம் கையைத் தூக்கினார். அவர் சிரிக்கவில்லை. "ஹேமந்து, படிச்ச புள்ள நீ. போன தபா ஒருத்தன் இப்டித்தான் வேல போச்சுன்னு இதே எடத்துல அழுது பாடு வாங்கினான். அப்புறம் பாத்தா நைட் ஷிப்ட்டு போய்கினு கீறான். ஊரே காறித் துப்புச்சு. உனக்கு எதுக்குப்பா அந்தப் பேரு?"

"பொய் இல்ல மாமா. நெசமா."

"ரெண்டும் வேணும்னு ஆச. அவ்ளோதான்" என்றது ஒரு குரல்.

ஹேமந்த் போனை எடுத்தான். "மெயில் கீது மாமா. எல்லாக் கம்பெனியும் வேணாம்னு அனுப்பின மெயில். பாருங்க."

"எனக்கு இன்னாத்த தெரியும் இங்கிலீசு? சுப்பா, நீ ஐ.டி.ஐ. தானே. படி."

சுப்பன் தயங்கிக்கொண்டே வாங்கினான். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முகம் மாறியது.

"எல்லாத்துலயும் ஒரே வார்த்த கீது, பெரிப்பா. 'அன்ஃபார்ச்சுனேட்லி'ன்னு."

"அப்டின்னா?"

"வருத்தமா கீதுன்னு."

"யாரு வருத்தப்படறது?"

"கம்பெனி."

கொட்டகையே அதிர்ந்தது. தருமலிங்கமே உதட்டைக் கடித்துக்கொண்டார். ஹேமந்த் தரையைப் பார்த்தபடி நின்றான். தனியாக, உள் அறையில், ஒவ்வொன்றாக வந்தபோது இத்தனை மெயில்களும் இவ்வளவு கனக்கவில்லை.

"எத்தினி கீது?" என்று கேட்டார் ஒருவர், மீன் ஏலத்தில் கூடையைக் கேட்பதுபோல.

"எறங்கிகினே போவுது" என்றான் சுப்பன். இப்போது அவன் குரலில் சிரிப்பு இல்லை.

தருமலிங்கம் யோசித்தார். "இது வேல போச்சுன்னு காட்டல. இருக்கிற வேலய வுட்டு இன்னும் பெரிசா தாவறதுக்கு எழுதிப் போட்டிருப்ப. எல்லாரும் பண்றதுதான். கோவிந்தம்மா, நீ பக்கத்து வூடு. உனக்கு இன்னா தெரியும், சொல்லு."

மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கோவிந்தம்மா முன்னால் வந்தாள். மகனுக்கு வரவேண்டிய இடம். ஆனாலும் அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை.

"தெனம் பத்து மணி ஆனா மெஷின தலைல மாட்டிகினு பேசறான். 'யெஸ் சார், யெஸ் சார்'னு எங்க வூட்டு வரைக்கும் கேக்குது. நேத்து கூட பேசினான். செவப்பு தூக்கலா கீதாம், மாத்தறேன்னான். நான் பொய் சொன்னா அம்மன் கண்ண குத்தட்டும்."

"இன்னா சொல்ற ஹேமந்து?"

"அது... சும்மா பேசினேன், மாமா."

"சும்மான்னா?"

"அந்தப் பக்கம் யாரும் இல்ல."

இந்த முறை யாரும் உடனே சிரிக்கவில்லை. நம்ப முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஆறு மாசமா ஆளே இல்லாத போன்ல ஒருத்தன் பேசுவானா? இன்னா பைத்தியமா இவன்? தலைவரே, நம்மள கேனயன்னு நெனச்சிகினு கீறான்."

"அதோ மேல தொங்குது பாரு, 'சீனியர்'னு. அது யாரு எழுதினது?" என்றார் இன்னொருவர்.

ஹேமந்த் நிமிர்ந்து பார்த்தான். தங்க வளையத்துக்குள்ளிருந்து அவனுடைய முகம் அவனைப் பார்த்துச் சிரித்தது. நிழல் நன்றாக விழுந்திருந்தது. அவன் இதுவரை செய்ததிலேயே எல்லோரும் நம்பிய வேலை அதுதான்.

"ஆதிகேசவா," என்றார் தருமலிங்கம் மெதுவாக, "நீ இன்னா சொல்ற?"

அப்பா மகனைப் பார்க்கவில்லை. அவருடைய காதோரம் சிவந்திருந்தது. வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"எனக்காவ பொய் சொல்றான்" என்றார். "நான் ஏரிய வுட்டா மனசு ஒடஞ்சி பூடுவேன்னு நெனச்சிகினு சொல்றான். கெட்ட புத்தி இல்ல, தலைவரே. ஆனா பொய் சொல்லி வாங்கற எடத்துல நான் வலை கட்ட மாட்டேன்."

"நைனா, சத்தியமா..."

"வாய மூட்றா. இருக்கிற மானத்தையாவது வுட்டு வை."

அவர் மறுபடி நோட்டின் மேல் குனிந்தார். பேனா முனை அவருடைய பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஹேமந்திடம் உண்மை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லியாகிவிட்டது. அவனுடைய பொய் அதைவிட நன்றாக இருந்தது.

"மாமா, ஒரு நிமிஷம்."

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த குரல். கூட்டத்தில் எந்தப் பெண்ணும் கூப்பிடாமல் பேசியதில்லை. வழிவிட்டார்கள். மஞ்சு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் இன்னும் முறம் இருந்தது. வைத்துவிட்டு வர மறந்திருந்தாள். ஹேமந்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"இன்னாம்மா? நீயும் அவனுக்கு சாட்சி சொல்லப் போறியா?" என்றார் தருமலிங்கம்.

மஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். கொட்டகையில் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னாள்:

"தெனம் அந்தப் பாயத் தூக்கிப் பெருக்கறவ நானு, மாமா... அந்த ஹெட்போன் ஒயரு எலி கடிச்சி, தை மாசத்துலேர்ந்து அறுந்துதான் கெடக்குது."